மாலை போட்டு அனுப்பாதீர்கள்

மாலை நல்ல கனம். சம்பங்கியும் அரளியும் சேர்த்துக் கட்டி, நடுநடுவே சரிகை சுற்றியது. பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வாழை இலைக்குள் வந்திருந்தது. வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்ததால், தட்டைத் தூக்கியதும் பாப்பாத்தியின் பாவாடையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

தட்டு அவளுடைய இடது கையில் இருந்தது. வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய வெள்ளைத் துணியில் கிடந்தது. முழங்கையைச் சுற்றி மூங்கில் பத்தைகள். உள்ளே உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் காய்ந்து இறுகி, பக்கத்தில் நின்றால் ஒரு புளித்த வாடை அடிக்கும். அன்று சம்பங்கி வாசனையும் அந்த வாடையும் ஒன்றாக வந்தன. இன்றைக்கும் எங்காவது சம்பங்கியைப் பார்த்தால் எனக்குப் புளித்த உளுந்துதான் நாசியில் ஏறுகிறது.

மைதானத்து ஓரத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. மேடையில் நடு நாற்காலியில் எங்கள் வாலிபால் பயிற்சியாளர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் எங்கள் கிளப் தலைவர்.

பாப்பாத்தியின் கையை உடைத்தவர் மாஸ்டர். அன்று நடந்தது அவருக்கு வழியனுப்பு விழா. மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் பாப்பாத்தி.

"ஏறி வா கண்ணு. சித்த நேரந்தான்," என்று தலைவர் மேடையிலிருந்து குனிந்து சொன்னார்.

அவள் பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்தாள். மறு காலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

கோப்பையின் மறு பாதி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியது, பாலக்காட்டு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பெண்கள் பொள்ளாச்சிக்குப் போய் வாலிபால் கோப்பை வாங்கி வந்த கதை. லாரியில் நின்றுகொண்டு, தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு வந்த கதை. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இப்படி ஒரு மாஸ்டர் ஊருக்கு ஊர் வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கார்டு வந்ததிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஆபீசில் டைப் அடிக்கிற வேலையிலும் கை தானாக ஓடுகிறது, நான் அங்கே இல்லை. கோப்பைக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதிதான். மறு பாதியையும் எழுதிவிட்டால் நல்லது.

எமர்ஜென்சி முடிந்த கோடையோ, அதற்கு முந்திய கோடையோ, சரியாக நினைவில்லை. நான் பி.ஏ. முடித்துவிட்டு, கல்யாணப் பேச்சுக்குப் பிடிகொடுக்காமல் வீட்டில் இருந்த காலம். பெண் பிள்ளைகள் அணியோடு வெளியூர் போய்வர, படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நான் மேனேஜர் ஆனேன். மேனேஜர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது.

தலைவரைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட மைத்துனர், எனக்கு மாமா. தென்னையும் கரும்புமாக நிலபுலம் உள்ளவர். பெண் பிள்ளைகள் அரை டிராயர் போட்டு ஆடுவதா என்று ஊர் முறைத்தபோது, "என்ற தங்கச்சி புள்ளையே கூட நிக்குதுங்க, உங்களுக்கென்ன வெசனம்?" என்று கேட்டு வாயடைத்தவர் அவர்தான். மைதானமும் அவருடைய நிலம்.

விடலைப் பையன்கள் வேலியோரம் நின்று விசிலடித்ததால், தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அவரே காவலுக்கு உட்காருவார். கைவைத்த தேக்கு நாற்காலி. அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் வேலியோரம் ஒரு காக்கை உட்காராது.

அந்த நாற்காலியிலிருந்துதான் அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

அளவுக் கம்பு

அப்போது எங்களிடம் இருந்தது கயிற்று வலை. வெயிலுக்குத் தொய்யும், ஈரத்துக்கு இறுகும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் தினமும் உயரம் அளந்துதான் கட்டுவோம். அதற்கென்று ஒரு மூங்கில் கம்பு உண்டு. பெண்கள் ஆட்டத்துக்கான உயரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. அளந்து முடித்ததும் அது போஸ்ட் அடியில் சாய்ந்துகிடக்கும்.

மாஸ்டர் வந்தபின் அந்தக் கம்பு கீழே கிடந்ததே இல்லை.

பட்டாளத்தில் ஆடியவர். ஆட்டம் தெரிந்தவர்தான், அதை மறுத்தால் பொய். பந்து வரும் முன்பே எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கை நீட்டாத நாளில் அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அப்படிப்பட்ட நாள் வரவரக் குறைந்துபோனது. பந்து தவறினால் கெண்டைக்காலில் ஒன்று. எழுந்திருக்கத் தாமதமானால் முதுகில் ஒன்று. அழுதால் அழுததற்காக இன்னொன்று.

நான் மாமாவிடம் சொன்னேன். முதல் தடவை அவர் சிரித்தார்.

"அம்முணி, மாடு பழக்கறவன் கையில சாட்டை இல்லாம இருக்குமா?"

"நாங்க மாடுங்களா மாமா?"

"அட, பேச்சுக்குச் சொன்னா அதைப் புடிச்சுக்கறே. காலேஜுல இதத்தான் சொல்லித் தந்தாங்களா?"

இன்னொரு தடவை, வீங்கிக் கன்றிப்போன ஒரு பிள்ளையின் காலைக் காட்டலாம் என்று அவளையே கூட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொட்டப்புள்ள காலை என்னையப் பாக்கச் சொல்றயே, உனக்கு வெக்கமா இல்லையா? போ, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

மைதானத்தில் எல்லோரும் பார்க்க அடி வாங்கிய காலைத் தனியாகப் பார்க்க மட்டும் அவருக்கு வெட்கம். அந்தப் பிள்ளைதான் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நடந்தது.

பிறகு கோப்பை வந்தது. கோப்பை வந்தபின் என் பேச்சு எடுபடவே இல்லை. "பாத்தயா? இதுக்குத்தான்," என்பார் மாமா, கோப்பை வைத்த அலமாரியைக் காட்டி.

போதும் என்ற வார்த்தை

பாப்பாத்தி எங்கள் அணியில் வலைக்கு மேல் எம்பி அடிக்கிறவள். கடலைக்காடும் இரண்டு எருமையும் உள்ள குடும்பம். களை வெட்டிவிட்டு அப்படியே ஓடி வருவாள், நகக்கண்ணில் மண் இருக்கும். பேச்சு குறைவு. பேசினால் குத்தலாக இருக்கும்.

அன்றைக்கு நல்ல வெயில் காய்ந்த தரை. அவள் போட்ட சர்வீஸ் திரும்பத் திரும்ப வலையில் விழுந்தது. காலையிலிருந்து காய்ச்சல் அவளுக்கு. சொல்லியிருக்கலாம், சொன்னால் நடிப்பு என்று அதற்கும் அடி விழும். மாஸ்டர் பக்கத்தில் வந்து கம்பை ஓங்கினார். தலைக்கு வருகிறது என்று அவள் வலது கையைக் குறுக்கே கொடுத்தாள்.

காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து முறித்தால் கேட்குமே, அந்தச் சத்தம்.

நாற்காலியிலிருந்து மாமா எழுந்தார். "மாஸ்டர், போதும்," என்றார். கத்தவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சோறு போதும் என்று சொல்கிற குரல்தான்.

மாஸ்டர் உடனே கம்பைக் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்ததெல்லாம் எனக்குக் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த நொடி மட்டும் துல்லியமாக இருக்கிறது. ஒரே வார்த்தை. அதற்கு அந்த மனிதர் கம்பைப் போட்டுவிட்டார். அப்படியானால் அந்த வார்த்தை அத்தனை காலமும் மாமாவின் வாயில்தானே இருந்திருக்கிறது? முதல் நாளே அதை எடுத்து வெளியே விட்டிருந்தால் என்ன?

அடித்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்து யோசித்து நான் வந்து நிற்கிற இடம் அந்த நாற்காலிதான்.

கட்டு

மாமாதான் அவளைத் தன் காரில் ஏற்றினார். மடியில் ஒரு தலையணை கொடுத்து, கை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குழியில் இறங்காமல் பார்த்து ஓட்டச் சொல்லி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். இதெல்லாம் வேஷம் இல்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

ஆனால் கார் பாலக்காட்டுக்குத் திரும்பவில்லை. கட்டுப் போடுகிற வைத்தியர் வீட்டுக்குப் போனது.

வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். "மூட்டுலயே முறிஞ்சிருக்குதுங்க. இது என்ற கைக்கு அடங்காதுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"நீங்க கட்டுங்க," என்றார் மாமா. "ஆஸ்பத்திரின்னா எப்பிடி முறிஞ்சதும்பான். போலீசுக்குச் சீட்டுப் போகும். பொட்டப்புள்ள பேரு ஸ்டேஷன்ல அடிபடோணுமா?"

பாப்பாத்தியின் அப்பா அதற்குள் வயலிலிருந்து வந்துவிட்டார். அவர் கடலைக்காட்டுக்குத் தண்ணீர் வருவது மாமாவின் கிணற்றிலிருந்து. "அய்யா சொன்னாச் செரிங்க," என்றார். மகளின் முகத்தைப் பார்க்காமல், தூசி படிந்த அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வயதில் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மறுநாளே பாலக்காட்டுக்கு பஸ் ஏறி, விளையாட்டுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தைத் தேடிப்போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், ஃபேனைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தார். முழுவதும் கேட்டார். பிறகு, "பராதி தராம், மோளே. பிரசிடெண்டிண்டெ ஒப்பு வேணமல்லோ," என்றார்.

புகார் கொடுக்கலாம், ஆனால் கிளப் தலைவர் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரே பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரே மாலை

மாமா வீட்டுக் களத்தில் யோகம் கூடியது. கூட்டத்தை எங்கள் பக்கம் மலையாளத்தில் யோகம் என்றே சொல்லிவிடுவோம். காயப்போட்ட கொப்பரைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் போகத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் பேச்சு.

"அடிச்ச ஆளைத் தொரத்துனோமுன்னு பேராயிட்டா, நாளைக்கு எந்த மாஸ்டர் நம்மூருக்கு வருவாரு?" என்றார் மாமா. "மரியாதையாத் தாட்டி உட்டறலாம். ஒரு விழா, ஒரு மாலை, கண்ணாடி போட்ட வாழ்த்து மடல் ஒண்ணு. முடிஞ்சுது."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சண்டை தீர்ந்துவிட்டது என்று ஊருக்குக் காட்ட வேண்டுமானால், நோவுபட்ட பக்கத்திலிருந்து ஒருவர் மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு எல்லாம் அப்படித்தான் தீரும். மாலை கைமாறியபின் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவர்மேல்தான் குற்றம். வரப்புக்கு அது நல்ல வழக்கம். உடைந்த முழங்கைக்கும் அதையே வைத்தார்கள்.

"மாலை எதுக்குங்க மாமா?" என்று கேட்டேன்.

"மாலை போட்டா அந்தாளு வாயை மூடிட்டுப் போயிருவாரு. பாப்பாத்தி எடுத்துக் குடுத்தா ஊரும் வாயை மூடிக்கும். ரெண்டு வாய்க்கும் ஒரே மாலை, அம்முணி."

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல யோசனை என்று தோன்றியிருக்கும்.

நான்தான் போய்ப் பாப்பாத்தியிடம் சொன்னேன். எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். புல்லைப் போட்டு முடித்தாள்.

"எந்தக் கையில குடுக்கோணுமாம்?" என்று கேட்டாள்.

மேடை

பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து நின்றவள், ஒருவழியாக ஏறினாள்.

மாஸ்டர் எழுந்து, மாலைக்கு வசதியாகத் தலையைக் குனிந்துகொண்டார். புதுச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. பாப்பாத்தி அவரைக் கடந்து போனாள். மேடையின் மறு ஓரத்தில் இறங்கினாள். அங்கே எங்கள் வலை கட்டுகிற பாக்குமரப் போஸ்ட். ஆயுத பூஜைக்குப் பூசிய மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டைத் தரையில் வைத்தாள். ஒற்றைக் கையால் மாலையை எடுத்து, எம்பி, போஸ்ட்டின் தலையில் மாட்டினாள். எம்புவதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே.

குனிந்த தலையோடு மாஸ்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மாமா சிரித்தார். "அட, கம்பத்துக்கும் மரியாதை பண்ணோணுமில்ல! நம்ம புள்ளைக்கு எத்தனை பக்தி பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். மாலையைக் கழற்றினார். மேடைக்கு வந்து தன் கையாலேயே மாஸ்டர் கழுத்தில் போட்டார்.

கை தட்டினார்கள். தட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லோரும் தட்டினார்கள்.

"மாஸ்டர் எங்க போறாரோ, அந்த ஊருக்கு அது பாக்கியம்," என்று மாமா பேசி முடித்தார்.

அது வேற ஜில்லா

கட்டுப் பிரித்தபோது பாப்பாத்தியின் முழங்கை பாதி மடங்கினபடி நின்றுவிட்டது. நீளவும் இல்லை, முழுசாக மடங்கவும் இல்லை. தலை வாரிக்கொள்ள அம்மா வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மாமா சந்தோஷமாகச் சொன்னார். "மாஸ்டருக்கு மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டுல எடம் புடிச்சுக் குடுத்துட்டேன் அம்முணி. ஜீப் புடிச்சு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். கொழுந்து பறிக்கற புள்ளைங்க டீம் ஒண்ணு இருக்குது. மலைப் புள்ளைங்க, நல்ல தெம்பு."

"மாமா, கையை ஒடச்ச கதையைச் சொன்னீங்களா?"

"அதுதான் மாலையோட முடிஞ்சுதே."

"நீங்க திரும்பப் போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க மாமா. நானும் வர்றேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வேற ஜில்லா, அம்முணி. அவிங்க பாத்துக்குவாங்க."

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நானும் பாப்பாத்தியும் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்துக்கு அவள் அப்பா வந்திருந்தார். துண்டு முடிச்சில் அவித்த கடலை. அதை மகள் கையில் வைத்துவிட்டு, "குளிருமாம், மூடிக்க," என்று மட்டும் சொன்னார். எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. தெரிந்துதான் வந்திருந்தார்.

பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மலை பஸ். மறையூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக ஈரக் காற்று. கொண்டை ஊசி வளைவுகளில் பாப்பாத்தி வாந்தி எடுத்தாள். "தோத்தாக்கூட இப்பிடி இருக்காது," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

முத்தையா வீட்டில்

எஸ்டேட் கிளப் செயலாளர் முத்தையா, தேயிலை ஃபாக்டரியில் மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அடுப்போரம் எங்களை உட்காரவைத்துக் கட்டன் சாயா கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் மூணாறு டவுனுக்குப் போயிருந்தார்.

நான் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது சரி தாயி. ஆனா ஒங்க தலைவரு மலையேறி வந்துல்லா சொன்னாக? இவரு மாதிரி வராதுன்னாக. பெரிய மனுசன் வார்த்தை. நீங்க ரெண்டு சின்னப் பிள்ளைக. நான் யாரை நம்பட்டும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு ஊர்த் தலைவர் சொன்னால் நம்புவதற்காகத்தானே தலைவர் என்று ஒருவரை வைக்கிறோம்.

பாப்பாத்தி எழுந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த வலைக்குப் பின்னால் ஒரு மூங்கில் கம்பு சாய்ந்திருந்தது. அதில் சிவப்புக் கோடு. எங்கள் கம்பு. மாஸ்டர் மூட்டையோடு அதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இது வலை அளக்கத்தானம்மா," என்றார் முத்தையா.

"எங்கூர்லயும் அதுக்குத்தானுங்க வெச்சிருந்தோம்."

அந்த நேரத்தில் முத்தையாவின் மகள் செல்லக்கனி விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள். அணியில் அவளும் இருந்தாள். குளிருக்கு அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். கம்பைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டாள்.

முத்தையா மகளைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். "ஏளா, அன்னைக்குக் கையில என்னமோ கன்னியிருந்துதே. என்னன்னு சொன்ன?"

"விழுந்ததுப்பா."

பாப்பாத்தி தன் கோணல் கையை அவள் முன்னால் நீட்டினாள். நீட்ட முடிந்தவரை. "மொதல்ல நானும் அப்பிடித்தான் சொல்லிட்டிருந்தேன் கண்ணு."

செல்லக்கனி விறகை இறக்கினாள். சட்டைக் கையை மெதுவாக மடித்து மேலேற்றினாள். பச்சையாகவும் மஞ்சளாகவும், பழசும் புதுசுமாக வரி வரியாக இருந்தது.

முத்தையா அடுப்பைக் குத்திவிட்டுக்கொண்டே இருந்தார். எரிகிற அடுப்பை எதற்குக் குத்தினார் என்று தெரியவில்லை. கடைசியில், "சரி. அனுப்பிருதேன்," என்றார். எனக்கு உயிர் வந்தது.

அவரே தொடர்ந்தார். "ஆனா சும்மா போன்னு சொல்ல முடியாதுல்லா? ஒங்க தலைவரு மனசும் நோகக் கூடாது பாத்துக்கிடுங்க. வார ஞாயித்துக்கிழமை சின்னதா ஒரு விழா மாதிரி வச்சி, ஒரு மாலையைப் போட்டு..."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நல்ல மனிதர். மகளின் கையைப் பார்த்தபின்னும் அவருக்கும் அதுதான் தோன்றுகிறது.

"வேண்டாமுங்க," என்றாள் பாப்பாத்தி. குரல் உயரவே இல்லை. "மாலை போட்டு அனுப்பாதீங்க. எதுக்குப் போகச் சொல்றீங்கன்னு சொல்லி அனுப்புங்க. இதை ஒண்ணு சொல்லத்தானுங்க இத்தனை தூரம் வந்தோம்."

"நாங்க ஒருத்தியும் அந்த விழாவுக்கு வர மாட்டோம்ப்பா," என்றாள் செல்லக்கனி.

விழா நடக்கவில்லை. மறுநாள் காலை ஜீப்பில் மாஸ்டர் இறங்கிப் போனார். எதற்கென்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அனுப்பினேன் என்று முத்தையா பிறகு சொல்லியனுப்பினார். எங்கே போனார் என்பது அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. இதைப் படிக்கிற எந்த ஊர்க் கிளப்பிலாவது, கண்ணாடி போட்ட வாழ்த்து மடலோடு ஒரு நல்ல ஆட்டக்காரர் வந்து நின்றால், மடலைப் படித்துவிட்டு அதோடு நிற்காதீர்கள். அவர் ஆடவைத்த பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள்.

நாற்காலி

கம்பை நாங்கள் திரும்பக் கொண்டுவந்தோம். "நெலம் அளக்கப் போறீங்களா அம்மிணி? கம்புக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்று உடுமலை கண்டக்டர் கேட்டார். அன்று முழுவதும் நாங்கள் சிரித்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

மறுநாள் பொழுதோடு மைதானத்துக்குப் போனோம். மாஸ்டர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். மாமாவின் நாற்காலி வழக்கம்போல் வேப்பமர நிழலில் காலியாக இருந்தது. பாப்பாத்தி நேராகப் போய், கம்பை அதன் இரண்டு கைகளுக்கும் குறுக்கே வைத்தாள். சிவப்புக் கோடு ஒரு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஓரமாகப் போய் நின்று, பாயிண்ட் சொல்ல ஆரம்பித்தாள். இனி அவளால் அதுதான் முடியும்.

மாமா வந்தார். துண்டால் நாற்காலியைத் தட்டப் போனவர், கம்பைப் பார்த்து நின்றார். அது எங்கே போயிருந்தது என்று அவருக்குத் தெரியும். யார் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

"ஆரு இதை இங்க வெச்சது?"

பாப்பாத்தி அடுத்த பாயிண்டைச் சொன்னாள். ஆட்டமும் நிற்கவில்லை. கம்பை எடுத்துக் கீழே போட ஒரு நொடி ஆகும். அவர் எடுக்கவில்லை. பாப்பாத்தியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் கை எப்படி இருக்கிறது என்றாவது கேட்பார் என்று.

ஆட்டம் முடிகிறவரை அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு நினைவு தெரிந்து மாமா அந்த மைதானத்தில் உட்காராமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் வேறொரு நாற்காலி வந்தது.